யாருக்கு ஆபத்து?

1

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான் எங்கள் காலனித் தம்பி ஒருவன். இஞ்சினியரிங் முடித்துவிட்டுச் சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறான். 'என்னடா வேல பாக்குற அங்க?' என்று கேட்டேன். வாயால் சொன்னால் புரியாது என்று நினைத்தானோ என்னவோ, மடிக்கணினியைத் திறந்து திண்ணையில் வைத்தான். திரை முழுக்க வட்டங்கள், வட்டத்துக்கு வட்டம் கோடுகள். ஐரோப்பாவில் ஒரு துணிக்கடை. அதற்கு பனியன் தைத்து அனுப்பும் திருப்பூர் கம்பெனி. அந்தக் கம்பெனிக்குத் துணி கொடுக்கும் நிட்டிங் யூனிட். அதற்கு நூல் கொடுக்கும் நூற்பாலை. கடைசி வட்டத்தில் விரலை வைத்துச் சொன்னான்: 'இது நம்ம பக்கத்து மில்லுக்கா. தெரியுதா?'

தெரியாமல் என்ன? என் சித்தி மகள் மூன்று வருஷம் அங்கேதான் கிடந்தாள். 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் வைத்து, மூன்று வருஷம் முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவோம் என்று சொல்லி ஏஜென்ட் கூட்டிக்கொண்டு போனான். மில்லுக்கு உள்ளேயே ஹாஸ்டல். வெளியே போக அனுமதி கிடையாது. வீட்டுக்குப் போன் பேசினால் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். இரண்டாவது வருஷம் மெஷினில் அவளுக்கு விரல் போனது. லீவு எடுத்த நாளை எல்லாம் கணக்குப் பார்த்துக் கழித்துக்கொண்டு, சொன்ன தொகையில் பாதியைக் கொடுத்து அனுப்பினார்கள்.

தம்பி அந்த வட்டத்தைத் தொட்டதும் பக்கத்தில் ஒரு பட்டியல் விரிந்தது. வெள்ளம், நில நடுக்கம், மின்வெட்டு, துறைமுகத்துக்கு உள்ள தூரம், பருத்தி விலை, தொழிலாளர் போராட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து மில்லுக்கு ஒரு நிறம். பச்சை.

'பச்சைன்னா?'

'ரிஸ்க் கம்மின்னு அர்த்தம்க்கா.'

அந்தப் பச்சை நிறத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

தம்பி செய்கிற வேலைக்கு 'பொருண்மை மாதிரி' என்று பெயர் வைக்கலாம். உலகத்தில் என்னென்ன இருக்கின்றன, ஒன்றுக்கு ஒன்று என்ன உறவு என்பதைக் கணினிக்குப் புரிகிற சொற்களாக எழுதி வைப்பது. இதற்கென்றே 1999ல் ஆர்.டி.எஃப். என்றும் 2004ல் ஓ.டபிள்யூ.எல். என்றும் மொழிகள் வகுக்கப்பட்டன. அந்த மொழியில் எந்த விஷயத்தையும் மூன்று உறுப்புள்ள வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும்: எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். 'மில் – கொடுக்கிறது – நூலை.' 'வெள்ளம் – தாக்குகிறது – மில்லை.' இப்படி லட்சக்கணக்கான வாக்கியங்களைக் கோர்த்துவிட்டால், மேட்டூரில் தண்ணீர் திறந்தால் ஹாம்பர்க் கடையில் எந்தச் சட்டை தாமதமாகும் என்று கணினி சொல்லிவிடும்.

இந்தத் தேவை எங்கிருந்து வந்தது? 2000 மார்ச்சில் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கியில் இருந்த ஒரு சில்லு ஆலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. பத்து நிமிஷத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் அந்தச் சில்லுகளை நம்பியிருந்த எரிக்ஸன் கம்பெனிக்கு ஏறக்குறைய 40 கோடி டாலர் நஷ்டம். அதே ஆலையை நம்பியிருந்த நோக்கியா உடனே வேறு இடம் பார்த்துத் தப்பித்துக்கொண்டது. 2011 மார்ச்சில் ஜப்பானில் நில நடுக்கமும் சுனாமியும் வந்தபோது, தனக்குக் கீழே மூன்றாம் நான்காம் அடுக்கில் யார் எதைச் செய்து கொடுக்கிறார்கள் என்பது டொயோட்டாவுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் 'ரெஸ்க்யூ' என்ற தகவல் தொகுப்பை உண்டாக்கியது. 2021 மார்ச்சில் ஒரே ஒரு கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றபோது உலகச் சந்தையே கையைப் பிசைந்தது.

ஆக, சரக்கு நின்றுபோன அனுபவத்திலிருந்து பிறந்த அறிவு இது. ஆள் செத்த அனுபவத்திலிருந்து பிறந்தது அல்ல. அறிவு எந்த வயிற்றில் பிறந்ததோ அந்த வயிற்றின் பசிதான் அதற்கும் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 31000 என்கிற சர்வதேசத் தர விதி 2009ல் வந்தது. ரிஸ்க் என்பதை அது குறிக்கோளோடு சேர்த்து வரையறுக்கிறது: நிச்சயமின்மையால் குறிக்கோளுக்கு ஏற்படும் விளைவு என்ற பொருளில். யாருடைய குறிக்கோள்? பனியனைச் சொன்ன தேதியில் சொன்ன விலைக்கு வாங்க நினைப்பவருடைய குறிக்கோள். விரலோடு வீடு திரும்ப வேண்டும் என்பதும் ஒரு குறிக்கோள்தான். ஆனால் அது என் சித்தி மகளுடையது.

3

நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். கம்ப்யூட்டர் தெரியாது, வேற்றுமை தெரியும். தம்பி காட்டிய வாக்கியங்களைப் படித்தபோது ஒன்று உறுத்தியது. எல்லாமே இரண்டாம் வேற்றுமையில் முடிகின்றன. மில்லை, சரக்கை, லாபத்தை. நான்காம் வேற்றுமை எங்கேயும் இல்லை. 'கு' உருபு இல்லை. எந்தப் பொருளானாலும் அதைப் பெற்றுக்கொள்கிறவரைக் காட்டுவது நான்காம் வேற்றுமை என்றுதான் தொல்காப்பியர் சொல்கிறார். நன்னூலார் கொடையையும் பகையையும் அந்த ஒரே உருபுக்குள் வைக்கிறார். கொடுத்தால் யாருக்குக் கொடுத்தாய், கெடுத்தால் யாருக்குக் கெடுத்தாய் என்று கேட்கிற உருபு அது.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் சிரிக்கவில்லை. யோசித்தான். 'ஆமாக்கா. மூணு கட்டம்தான் இருக்கு. யாருக்குன்னு நாலாவதா ஒண்ணு வேணும்னா, அந்தச் சம்பவத்தையே தனி வட்டமா போட்டு அதிலிருந்து இன்னொரு கோடு இழுக்கணும். முடியாதுன்னு இல்ல. யாராவது வேணும்னு கேக்கணும்.' யாரும் கேட்கவில்லை.

கேட்காததால் என்ன ஆகிறது பாருங்கள். விரல் போனது அந்த மாதிரியில் இப்படித்தான் பதியும்: 'விபத்து – நிறுத்துகிறது – உற்பத்தியை.' வாக்கியத்தில் பிழை இல்லை. விரல்தான் இல்லை. விரலுக்குச் சொந்தக்காரி இல்லை. அரை மணி நேரத்தில் வேறொரு பெண்ணை மெஷினில் நிறுத்திவிட்டால் 'உற்பத்தி நிறுத்தம்' என்பதும் இல்லாமல் போகும். அப்போது விபத்தே நடக்கவில்லை.

போராட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்தப் பட்டியலில் அது வெள்ளத்துக்கும் நில நடுக்கத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. வாங்குகிறவருக்கு அது ஆபத்து, சரி. வேலை செய்கிறவளுக்கு? ஆபத்தைத் தடுக்க அவள் கையில் இருக்கிற ஒரே வழி அதுதான். சங்கம் என்ற பேச்சையே எடுக்கவிடாத மில்லில் போராட்டம் நடக்காது. அதனால் அதற்கு நல்ல மதிப்பெண். வாயைப் பொத்தி வைத்திருப்பது அமைதியாகவும், அமைதி பாதுகாப்பாகவும், பாதுகாப்பு பச்சை நிறமாகவும் ஆகிவிடுகிறது. நான்காம் வேற்றுமையைப் போட்டுப் படித்தால் அதே மில் சிவப்பு. உண்மை ஒன்றுதான். யாருக்கு என்று கேட்டதும் அது தலைகீழாகப் புரண்டுவிடுகிறது.

4

'தகவல் இல்லக்கா, இருந்தா போட்டிருப்போம்' என்றான் தம்பி. இதை அவன் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் தகவல் இல்லை என்பது என்ன என்று நாம் நின்று யோசிக்க வேண்டும்.

அவனே ஒரு நல்ல விஷயம் சொன்னான். ஓ.டபிள்யூ.எல். மொழியின் தர்க்கப்படி, எழுதப்படாத ஒன்றை இல்லை என்று முடிவு கட்டக் கூடாதாம். தெரியாது என்றுதான் கொள்ள வேண்டுமாம். அதற்குத் திறந்த உலகம் என்று பெயர். சாதாரணத் தகவல் கிடங்குகள் அப்படி இல்லை. அங்கே பதியப்படாதது இல்லாதது. அதற்கு மூடிய உலகம் என்று பெயர். மொழி திறந்த உலகத்தைத்தான் பேசுகிறது. மதிப்பெண் போடும் நேரம் வந்ததும் மூடிய உலகம் வந்துவிடுகிறது. 'காலியா இருக்கிற கட்டம் கூட்டல்ல சேராதுக்கா.' சேராதது பூஜ்யம். பூஜ்யம் என்றால் பச்சை.

எழுதப்படாதது இல்லாதது என்ற விதியை நாம் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. பட்டா இல்லாத நிலம் நம்முடையது இல்லை. எஃப்.ஐ.ஆர். போடாத அடி, அடி இல்லை. ரெக்கார்டில் இல்லாத இரட்டைக் குவளை எந்தக் கடையிலும் இல்லை. மூடிய உலகத்தில்தான் நாம் பிறந்து வளர்ந்திருக்கிறோம்.

எழுதப்பட்டதும் எப்படி இருக்கிறது? 2012 செப்டம்பர் 11ல் கராச்சியில் ஒரு ஆடை ஆலை எரிந்து 250க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை சர்வதேசத் தொழிலாளர் நலத் தரச் சான்றிதழ் வாங்கியிருந்தது. காகிதத்தில் பச்சை. அடுத்த வருஷம் வங்கதேசத்தில், டாக்காவுக்குப் பக்கத்தில் சவாரில், ராணா பிளாசா. 2013 ஏப்ரல் 23ல் கட்டிடத்தில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது. தையல்காரப் பெண்கள் உள்ளே போக மாட்டோம் என்றார்கள். சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டி, மறுநாள் காலையில் மேலே ஏற்றினார்கள். கட்டிடம் இடிந்து 1100க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

அங்கே தகவல் இல்லையா? இருந்தது. விரிசலைக் கண்ணால் பார்த்த ஆயிரக்கணக்கான பேர் இருந்தார்கள். வங்கிக்காரரின் பயம் தகவலாக ஏற்கப்பட்டது, தையல்காரியின் பயம் ஏற்கப்படவில்லை, அவ்வளவுதான். ஆகவே இங்கே குறைவாக இருப்பது தகவல் அல்ல. யார் சொன்னால் அது தகவல் என்கிற அதிகாரம்தான் நம் கையில் இல்லை. சேரிக்காரன் சாட்சி பஞ்சாயத்தில் செல்லாது என்ற பழைய வழக்கத்தின் புதிய வடிவம் இது.

5

அப்படியானால் அந்த மாதிரிக்குள் 'சாதி' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?

சேர்ப்பதே லேசில் நடக்காது. 1958ல் வந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 111ஆம் உடன்படிக்கையை இந்தியா 1960ல் ஏற்றுக்கொண்டது. வேலையில் பாகுபாடு கூடாது என்பதற்கு அதில் சொல்லப்பட்டுள்ள காரணங்களில் 'சமூகப் பிறப்பிடம்' உண்டு, சாதி என்ற சொல் கிடையாது. 2001ல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் நம் தோழர்கள் சாதியைப் பேசப் போனபோது, அது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு குறுக்கே நின்றது. அடுத்த வருஷமே ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு, 'வம்சாவளி' என்ற சொல்லுக்குள் சாதியும் அடங்கும் என்று தெளிவாகச் சொன்னது. 2023 ஜனவரி 1ல் நடைமுறைக்கு வந்த ஜெர்மனியின் சப்ளை செயின் சட்டத்தில் மறுபடியும் 'சமூகப் பிறப்பிடம்'தான். சட்டத்தில் இல்லாத சொல் கேள்விப் படிவத்தில் வராது. படிவத்தில் வராத சொல் மாதிரியில் வராது.

ஆனால் இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை நம் கூட்டங்களில் நாம் சரியாகப் பேசுவதில்லை. எங்கள் மாலைக் கூட்டத்துக்கு வரும் மில் பெண் ஒருத்தி கேட்டாள்: 'எங்க மில்லுல சாதிக் கொடும இருக்குன்னு எழுதுனா, வெள்ளக்காரன் ஆர்டர வேற ஊருக்குக் கொண்டுட்டுப் போயிடுவானேக்கா. அப்புறம் நாங்க என்ன செய்ய?' இன்னொருத்தி அதற்கும் மேலே போனாள்: 'சாதியக் கணக்கெடுத்து வச்சாங்கன்னா, பிரச்சன வேணாம்னு காலனிப் புள்ளைகளையே சேக்க மாட்டாங்க.'

இரண்டுமே நியாயமான பயம். ரிஸ்க் என்று சொன்னதும் வியாபாரிக்குத் தெரிந்த முதல் வைத்தியம் விலகி ஓடுவது. நோக்கியா அதைத்தான் செய்து பேர் வாங்கியது. நம் காயத்துக்கு 'ரிஸ்க்' என்று பெயர் வைத்தால் அவன் காயத்தை ஆற்ற மாட்டான், காயம்பட்டவளிடமிருந்து விலகிக்கொள்வான். தொட்டால் தீட்டு என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

இதில் எனக்குக் கிடைத்த பதில் அம்பேத்கரிடமிருந்து வந்தது. 1916ல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையிலேயே அவர் சொல்லிவிட்டார்: ஒற்றைச் சாதி என்று ஒன்று தனியே இருக்க முடியாது, சாதிகளாகத்தான் இருக்க முடியும். 1936ல், சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று காட்டினார். அதாவது சாதி என்பது ஓர் ஆளின் மேல் ஒட்டியிருக்கும் பண்பு அல்ல. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் இருக்கும் உறவு.

இது அந்தத் தம்பியின் வேலையிலும் அடிப்படையான வித்தியாசம். ஒரு வட்டத்துக்குள் எழுதுவது பண்பு, இரண்டு வட்டத்துக்கு நடுவே இழுப்பது உறவு. 'இந்தப் பெண் தலித்' என்று அவள் வட்டத்துக்குள் எழுதினால், ஆபத்து அவளுக்குள் இருப்பதாக ஆகிவிடும். அவளைக் கழற்றிவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடும். உறவாக எழுதினால் வேறு மாதிரி வரும். மேற்பார்வையாளர் எல்லாம் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், ஏஜென்ட் எந்தத் தெருவுக்குள் ஆள் பிடிக்கப் போகிறான், புகார் கொடுத்தால் அதை விசாரிப்பவர் யாருக்குச் சொந்தம், ஹாஸ்டல் சாவி யார் இடுப்பில் இருக்கிறது. இவை மில்லின் மேல் எழுதப்பட வேண்டிய வாக்கியங்கள். விலைபேசி விலைபேசிக் கடைசிப் பைசா வரை கறந்துவிட்டுப் போகிற கடைக்காரனுக்கும் இதிலிருந்து ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோட்டின் முனையில் கடமை இருக்க வேண்டும். ஓடிப்போகும் உரிமை இருக்கக் கூடாது.

இது வெறும் ஆசை அல்ல. 2011ல் ஐ.நா. ஏற்ற வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகள், ஆபத்து என்பதை மனிதர்களுக்கு வரும் கேட்டிலிருந்து தொடங்கிப் பார்க்கச் சொல்கின்றன. அங்கே நான்காம் வேற்றுமை காகிதத்தில் வந்துவிட்டது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்கள். 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஏற்றுமதி ஆலையில் வேலை செய்த தலித் பெண் கொலை செய்யப்பட்டார். ஆலை மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யூ. சங்கம் அதை ஒரு கொலை வழக்காக மட்டும் விட்டுவிடவில்லை. ஆலைக்குள் பெண்கள் மேல் நடக்கும் வன்முறையின் தொடர்ச்சி அது என்று ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் கம்பெனியோடும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். பிறகு கேப், பி.வி.எச். கம்பெனிகளும் சேர்ந்தன. பால் வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் பெயர் சொல்லி எழுதப்பட்டது. தளத்தில் நடப்பதைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பு தொழிலாளிப் பெண்களுக்கே கொடுக்கப்பட்டது.

அதே வருஷம் ஜூலையில் அந்த ஆலைச் சரக்கை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்து நிறுத்தியதும் செப்டம்பரில் தடையைத் தளர்த்தியதும் நடந்தது. அந்தப் பெண்ணின் பயம் கற்பனை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. சரக்கை நிறுத்துவது மேலே இருப்பவன் கை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வது கீழே இருப்பவள் வாய். இந்த வாய் இல்லாமல் அந்தக் கை மட்டும் நீண்டால் நம் சோற்றில்தான் விழும். ஒப்பந்தத்தின் அருமை அதில்தான் இருக்கிறது. அங்கே தொழிலாளி வாக்கியத்தின் எழுவாயாக நிற்கிறாள்.

6

தம்பி இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தான். 'யாருக்கு' என்று ஒரு கோட்டைச் சோதனைக்குப் போட்டுப் பார்த்தானாம். வாடிக்கையாளர் கேட்காததை ஏன் சேர்க்கிறாய் என்று மேலே இருப்பவர் எடுத்துவிட்டாராம். அவன் குரலில் குற்ற உணர்ச்சி இருந்தது. நான் அவனைத் திட்டவில்லை. ஒருவன் தனியாகப் போய் இலக்கணத்தை மாற்ற முடியாது. ஆனால் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இன்று இந்த வேலைகளில் இருக்கிறார்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது, அது எப்படிப் பூஜ்யமாகிறது என்பதை அவர்கள் நம் இயக்கங்களுக்குச் சொல்லித்தர முடியும். கவிதைக்கும் கதைக்கும் கூடுகிற நாம் இதற்கும் கூட வேண்டும்.

போன வாரம் மாலைக் கூட்டத்தில் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டேன். 'இது ஒங்க மில்லு. இங்க என்ன ஆபத்து? யாருக்கு?' என்று கேட்டேன். முதலில் கூச்சம். பிறகு ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பாத்ரூம் போக டோக்கன். நைட் ஷிப்டு பஸ் காலனிக்கு உள்ளே வராமல் ரோட்டிலேயே இறக்கிவிடுவது. மாதவிலக்கு வலிக்கு உறையில்லாமல் கொடுக்கிற மாத்திரை. பஞ்சுத் தூசி. சூப்பர்வைசர் எல்லாம் ஒரே தெருக்காரர்கள். காலனிப் பிள்ளைகளை மட்டும் தனி ரூமில் படுக்கவைப்பது. பலகையில் இடம் போதவில்லை, சுவரில் எழுதினோம்.

எழுதி முடித்ததும் கடைசி வரிசையில் இருந்த சின்னப் பெண் எழுந்து நின்றாள். அவள் மில்லில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

'இதக் கம்ப்யூட்டர்ல ஏத்துனா என்ன கலர் வரும்க்கா?'

'நாம ஏத்துனாத்தான் தெரியும்' என்றேன். சுவரில் இருந்ததை அன்று இரவே நோட்டில் எழுதிக்கொண்டோம்.